பின்வாசல் கிண்ணம்

வெள்ளைக்காரத் துரைமார் சீமைக்குப் போன பிறகு, அவர்கள் விட்டுச்சென்ற பீங்கான்களைத் தேடிச் சேர்ப்பதே கணக்கப்பிள்ளையின் மனைவி சௌந்தரத்துக்கு வேலை. அவற்றை மதிப்பிட, பதுளையிலிருந்து பழஞ்சாமான் வியாபாரி ஜவ்பர் நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தார்.

அலமாரியிலிருந்த கிண்ணங்களையும் நகைச்சிமிழ்களையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எல்லாம் அச்சுப் பூ அம்மா. கையால வரஞ்சது ஒண்டுமில்ல."

சௌந்தரத்தின் முகம் சுண்டியது. கோபம் பின்வாசலில் தேத்தண்ணிக்குக் கிண்ணத்தோடு நின்ற வேலைக்காரி மாரிக்கண்ணு மேல் பாய்ந்தது.

"என்னடி வேடிக்கை? கிண்ணத்தைத் தரையில வச்சிட்டுத் தள்ளி நில்லு!"

சௌந்தரம் கேத்தலை உயரத் தூக்கி, கிண்ணத்தில் பட்டுவிடாமல் தேத்தண்ணி ஊற்றினாள். லயத்து வரிசை வீடுகளில் இருந்த கூலியாட்களுக்கு அந்த வீட்டில் அப்படித்தான்.

பின்னால் வந்த ஜவ்பர் சட்டென்று கிண்ணத்தருகே குனிந்தார்.

"இந்த நீலக் குருவியப் பாருங்க! தூரிகை பட்ட தடம் தெரியுது. இதுதான் அசல். எனக்குத் தருவீங்களா?"

"தர்றதா? எங்க மாமனார் காலத்துச் சாமான்!" என்றாள் சௌந்தரம், கூசாமல். "ஏய், அதை நல்லாக் கழுவிக் கொண்டா. அலமாரி நடுவுல வைக்கணும்."

மாரிக்கண்ணு தேத்தண்ணியை முற்றத்தில் கொட்டினாள். கிண்ணத்தைத் துடைத்து மடியில் கட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

"எங்கடி கொண்டு போற?"

"என் வீட்டுக்குத்தாங்க. துரைசாணி எங்க ஆத்தாவுக்குக் குடுத்தது. லயத்துக்காரிக்கு இங்க கோப்பை கெடையாது, ஒன் வீட்டுலருந்து கொண்டான்னு நீங்கதானே சொன்னீங்க?"