ஒரு கை கூடுதல்

தேசியமும் சோசலிசமும் பேசிய தொழிற்சங்கம் அந்தப் பட்டறையில் பிறந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. தலைவர் பதவிக்கு லேத்துக்காரருக்கும் வெல்டருக்கும் போட்டி. வெல்டர் பேசினால் இரும்பே கைதட்டும். அதைக் கண்டு லேத்துக்காரருக்கு எரிந்த வயிற்றில் அந்த இரும்பையே உருக்கியிருக்கலாம்.

தேர்தலன்று கழுத்தில் மாலையோடு வீடு வந்த லேத்துக்காரரின் முகம் விளக்கெண்ணெய் குடித்தது போல் இருந்தது.

"என்னங்க, தோத்துட்டீங்களா?" என்றாள் மனைவி.

"ஒரு ஓட்டுல ஜெயிச்சுட்டேன்."

"அப்புறம் எதுக்கு இந்த மூஞ்சி?"

"கை தூக்கி ஓட்டுப் போட்டோம். நான் எனக்கே தூக்கினேன். அந்தப் பாவி வெல்டரும் எனக்கே தூக்கிட்டான்டி! 'தேசத்துக்காக விட்டுக்கொடுக்கிறதுதான் சோசலிசம்'னு வசனம் வேற. ஜெயிச்சது நான், கைதட்டு அவனுக்கு!"

"தங்கமான மனுஷன்."

"நீயுமா?"

மறுநாள் காலையில் முதல் வேலையாக, பதவியை வெல்டருக்கே விட்டுக்கொடுத்தார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. இப்போது வெல்டருக்கு வயிறு எரிந்தது. மதியமே பதவியைத் திருப்பிக் கொடுத்தார்.

இப்படியே பதவி பந்தாகப் பறந்ததில், முதலாளியிடம் போய் ஓவர்டைம் கூலி கேட்கத் தலைவரே இல்லாமல் போனார். மாதம் முடிவதற்குள் சங்கம் உயிரை விட்டது.

"எல்லாம் முதலாளியோட சதி!" என்பார் லேத்துக்காரர். வெல்டரும் அதையேதான் சொல்வார். அந்த ஒரு விஷயத்தில் இருவரும் இன்றுவரை ஒரே சங்கம்.