பொடி பிடித்த குற்றவாளி

கொடுவாளின் முனை மூலிகை ஆராய்ச்சியாளர் கலையரசனின் கழுத்தில் அழுந்த, ஒரு சொட்டு ரத்தம் சட்டைக் காலரில் இறங்கியது. கல்வராயன் மலையிலிருந்து கள்ளக்குறிச்சிவரை கரியன் அந்தக் கொடுவாளைத் துண்டில் சுற்றி மடியில் வைத்தே பஸ்ஸில் வந்திருக்கிறான். ஆய்வுக்கூடத்துக் கண்ணாடிச் சாமான்களில் பாதி ஏற்கெனவே தூள்.

"இன்னா மருந்துடா குடுத்த? மூணே நாள்ல எங்கம்மா ரத்த ரத்தமா கக்கிச் செத்துச்சுடா!"

"கரியா, சிறுகுறிஞ்சான் தழையில இருந்து எடுத்த சத்துப்பா அது. சுகருக்குத்தான் குடுத்தேன். சத்தியமா விஷம் இல்ல."

"எங்கம்மா குடிச்ச மிச்சம். இதுக்கு இன்னா சொல்ற?" கரியன் ஒரு புட்டியை மேசைமேல் அறைந்தான்.

கொடுவாள் கலையரசனின் கழுத்தை விட்டு விலகவில்லை. ஆனாலும் மனுஷன் தன் மருந்தை நம்பினார்.

"டெஸ்ட் பண்ணிப் பாத்துடலாம். அந்தத் தழையோட ஃபிளேவனாய்டு சத்துக்குன்னே அச்செடுத்துப் பண்ண காந்தப் பொடி எங்கிட்ட இருக்கு. அந்தச் சத்தை மட்டுந்தான் பிடிக்கும், வேற எதையும் தொடாது. பிடிச்சா இது என் மருந்துதான், என்னை வெட்டு. ரம்யா, பொடிய எடும்மா!"

அச்செடுத்த பொடி ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று அச்சில்லாத வெறும் பொடி ஒன்று என அலமாரியில் எப்போதும் இரண்டு புட்டிகள் இருக்கும். இரண்டும் கறுப்பு. ஆராய்ச்சி மாணவி ரம்யா ஒன்றை எடுத்து நீட்டினாள்.

கலையரசன் பொடியைக் கரியனின் புட்டியில் இருந்த மருந்தில் போட்டுக் குலுக்கி, புட்டிக்கு வெளியே காந்தத்தை வைத்தார். கறுப்பெல்லாம் ஓடிவந்து ஒரு பக்கம் ஒட்டிக்கொண்டது. மருந்தைக் கொட்டிவிட்டுப் பொடியை ஸ்பிரிட்டில் கழுவினார். சத்து பிடித்திருந்தால் மஞ்சள் நிறம் இறங்க வேண்டும். ஒரு துளிகூட இறங்கவில்லை.

"பாத்தியா! இது என் மருந்தே இல்ல. வழியில எவனோ மாத்தியிருக்கான்!"

"கொளஞ்சியப்பன் கையிலதான குடுத்தனுப்பின?"

மலையிலிருந்து தழை ஏற்றிவரும் டிரைவர் கொளஞ்சியப்பன், கீழே மினி லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். கரியன் கொடுவாளோடு படிகளில் பாய்ந்தான்.

"ஐயோ, நான் இன்னாடா பண்ணேன்!" அலறல் ஒருமுறைதான் கேட்டது. வெட்டு விழும் சத்தம் மூன்று முறை கேட்டது.

கலையரசன் கைக்குட்டையால் கழுத்தை அழுத்தியபடி நாற்காலியில் சரிந்தார்.

"படுபாவி, மருந்தை மாத்தி ஒரு உசுர எடுத்துட்டானேம்மா! நல்லவேளை, நம்ம மேல தப்பில்ல."

ரம்யா சுவரோடு ஒட்டிக்கொண்டு அழுதாள்.

"சார்... உங்கள வெட்டிடுவானேன்னு, எதையுமே பிடிக்காத பொடியக் குடுத்துட்டேன் சார்!"