குனியாமல் நுழையும் கூடாரம்

அன்று காலை ஏரிக்கரை முகாமில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: மாமனார், அவருடைய மகன், மருமகள், பக்கத்துக் கூடாரத்தில் சின்ன அத்தை, பிறகு ஜட்ஜ். ஜட்ஜ் எங்கள் குடும்பத்து நாய்; முகத்தில் இருக்கும் கண்டிப்புக்காக வைத்த பெயர். வேறு யாரும் அங்கே இல்லை. இருந்ததாகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

ஒன்பது மணிக்கு மருமகள் தோள்பையை மாட்டிக்கொண்டு கூடார வாசலுக்கு வந்தாள். வெளியே உட்கார்ந்திருந்த ஜட்ஜ் எழுந்து குறுக்கே நின்றது. குரைக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை. மார்பால் அவள் முழங்காலை மெல்ல உள்ளே தள்ளிவிட்டு, மறுபடியும் கூடாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டது.

"மாமா, காவல் போட்டிருக்கீங்களா?"

"ஆமா."

மாமனார் கூடாரத்துக்குள்ளேயே மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடம் காவல் துறை நாய்களைப் பழக்கியவர். செருப்பு வார் அறுந்தாலும் குனியமாட்டார். குனியாமல் நுழைகிற உயரத்தில் கூடாரம் வேண்டும் என்று நான்கு கடை ஏறி இறங்கியவர்.

"பத்து மணிக்கு பஸ் மாமா. அத விட்டா சாயந்திரம்தான். ரெண்டு வருஷமா எழுதி எழுதி இப்பதான் நேர்காணலுக்குக் கூப்பிட்டிருக்காங்க."

"மூணு நாள் முகாம்னு வந்தா மூணு நாளும் இருக்கணும். நடுவுல கிளம்பற வழக்கம் நம்ம குடும்பத்துல இல்ல. அதுவும் நிலம் அளக்கற வேலை! நம்ம வீட்டுப் பொண்ணு காடு மேடெல்லாம் அலையணுமா?"

"இப்ப மட்டும் வீட்டு ஹால்லயா உக்காந்திருக்கோம்?"

வெளியே பல் விளக்கிக்கொண்டிருந்த மகன் எட்டிப் பார்த்தான். "அப்பா, நான் வேணா ஜட்ஜைப் பிடிச்சு இழுக்கட்டுமா?"

"நீ பல்ல விளக்கு."

மகன் விளக்கினான். எங்கள் குடும்பத்தில் சொல் பேச்சுக் கேட்பது ஜட்ஜ் மட்டுமல்ல.

மருமகள் வாசலுக்குப் போய் இரண்டு முறை விரலைச் சொடுக்கினாள். ஜட்ஜ் அவளைப் பார்த்தது. பிறகு அவளுக்குப் பின்னால் இருந்த மாமனாரைப் பார்த்தது. அசையவில்லை.

"அந்தச் சைகைய நீ கத்துக்கிட்டேன்னு தெரிஞ்சு போன மாசமே மாத்திட்டேன்," என்றார் அவர், தாளைப் புரட்டியபடி. "இப்ப வெச்சிருக்கறது நம்ம வீட்ல யாரும் தப்பித்தவறிக்கூட செய்யாத காரியம்."

"பின்பக்கத்தைக் கிழிச்சிட்டுப் போயிடுவேன் மாமா."

"போயேன்."

அவள் கிழிக்கவில்லை. நான்கு பக்கமும் துணி, ஒரே வாசல், அதில் ஒரு நாய். பையின் மேல் உட்கார்ந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது இருபது. ஒன்பது முப்பத்தைந்து. கூடாரத்துக்குள் காற்றே இல்லை.

ஒன்பது நாற்பதுக்கு மழை பிடித்துக்கொண்டது. மகன் சமையல் கொட்டகைக்கு ஓடினான். ஜட்ஜ் ஓடவில்லை. காது இரண்டும் நனைந்து தொங்க, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, இருந்த இடத்திலேயே இருந்தது. சற்று நேரத்தில் அதன் பின்னங்கால் நடுங்கத் தொடங்கியது.

"அத உள்ள கூப்பிடுங்க மாமா."

"சைகை காட்டாம அது வராது."

"அப்ப காட்டுங்க."

செய்தித்தாளில் ஒரே பக்கம் வெகுநேரமாகத் திருப்பப்படாமல் இருந்தது.

"போன மழைக்கு மூட்டு வீங்கி நாலு நாள் எழுந்திருக்கல. என் பஸ் போனா போகட்டும். நீங்க சொன்னதக் கேட்ட ஒரே பாவத்துக்கு அது எதுக்கு நனையணும்?"

அவள் பையைத் திறந்தாள். நேர்காணலுக்குப் போட்டுக்கொண்டு போக வைத்திருந்த மழைச்சட்டையை எடுத்து, வாசல் வழியே கையை நீட்டி ஜட்ஜின் முதுகில் போர்த்தினாள். அது அவள் கையை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி விறைப்பாக உட்கார்ந்தது. தூரத்தில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது.

அவள் திரும்பியபோது மாமனார் எழுந்து நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினார். அடுத்து இன்னொன்றை. தலையும் தாழ்ந்தது.

"ஐயோ மாமா! என்ன இது? எழுந்திருங்க!"

"பஸ் போயிடும்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

குடையோடு வந்த சின்ன அத்தை இந்தக் கோலத்தை வாசல் வழியே பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள். ஜட்ஜ் அவளை இடித்துக்கொண்டு உள்ளே புகுந்து, மாமனாரின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு தெறிக்க உடம்பை உதறியது. மருமகள் பையைத் தூக்கிக்கொண்டு மழையில் ஓடினாள். பஸ் கிடைத்தது. வேலையும் கிடைத்தது.

இது நடந்து இரண்டு மாதம் ஆகிறது. அதற்குள் பெரியவர் மருமகள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டார் என்று உறவு முழுக்கப் பேச்சு. போன ஞாயிறு சின்ன அத்தை வீட்டுக்கே வந்து, அவர் எதிரிலேயே ஆரம்பித்தாள்.

"என்ன இருந்தாலும் உன் சாமர்த்தியம் யாருக்கு வரும்? யாருக்கும் வளையாத மனுஷன உன் கால்ல விழ வெச்சிட்டியே! என் கண்ணால பாத்தேனே!"

மாமனார் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். அவர் காலடியில் படுத்திருந்த ஜட்ஜின் காதைத் தடவிக்கொண்டே மருமகள் சொன்னாள்:

"என் கால்ல யாரும் விழல சின்ன அத்தை, ஜட்ஜைக் காவல்லேருந்து விடறதுக்கு இப்ப அதுதான் சைகை."