முப்பத்தெட்டுக் கொட்டை யோகம்

கரடியின் கடையில் ஒரு குவளை இலுப்பைப்பூச் சாற்றுக்கு ஒரு கொட்டை விலை. அணிலுக்கு முதல் குவளையை ஊற்றும் முன்பே கரடி மரங்கொத்திக்குக் குரல் கொடுத்தது. “அணிலோட ஐம்பது கொட்டையும் உன் பொந்துலதானே இருக்கு? அடைச்சு வை!”

“அண்ணே, நான் இன்னும் குடிக்கவே இல்லையே!” என்று பதறியது அணில்.

“நான் எடுக்கலையே தம்பி! எத்தனை குவளை குடிப்பேன்னு உனக்கே தெரியாது. முடிச்சதும் குடிச்சதுக்கு எடுத்துக்குவேன். மிச்சம் உன்னுது.”

அணில் பன்னிரண்டு குவளை குடித்தது. வாலைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டு குத்தாட்டம் போட்டது.

காலையில் பசியோடு பொந்துக்கு ஓடினால், வாசலில் இன்னும் அடைப்பு.

“கரடிக்குப் பன்னிரண்டு போயிடுச்சு,” என்றது மரங்கொத்தி. “மிச்சத்தைத் திறந்துவிட மூணு நாளாகும். அதுதான் முறை.”

மூன்று நாளும் அணில் அடைப்பின் இடுக்கு வழியே தன் கொட்டைகளை மோந்து பார்த்தே பசியாறியது. நாலாம் நாள் மரங்கொத்தி அடைப்பை எடுத்ததும் முப்பத்தெட்டுக் கொட்டைகள் கடகடவென்று அதன் மடியில் கொட்டின.

அணிலுக்குத் தலைகால் புரியவில்லை. “யோகம்டா! முப்பத்தெட்டு! அப்படியே உள்ள வைங்கண்ணே!” என்று கத்திவிட்டு ஒரே தாவலில் கரடியின் கடைக்குப் போய் நின்றது.

“அண்ணே, இன்னைக்கு எல்லாருக்கும் ஊத்துங்க, என் செலவு!”

“எத்தனையை அடைக்கச் சொல்லட்டும்?”

“முப்பத்தெட்டையும் அடைங்கண்ணே! சும்மா வந்ததுதானே!”