பின்சீட்டுக் காற்று

பின் ஜன்னல் ஒன்றை மட்டும் திறந்து ஓட்டினால் கார் துடிக்க ஆரம்பித்துவிடுகிறது.

தப், தப், தப் என்று யாரோ காதுக்குள் அறைவது போல. தம்பி தலையைப் பிடித்துக்கொள்வான்.

சரி என்று எல்லாவற்றையும் மூடி ஏசி போட்டால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது. ஓடுகிற காற்று முகத்தில் பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பட்டால் கொஞ்சம் நிதானமாவான். நின்றால் வாயைத் திறந்து திறந்து மூடுவான்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் கடலோர வழியெல்லாம் தலைவலியா, மூச்சுமுட்டலா என்று அவன்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

"ஊர்ல ஓடுற லாரிக்கெல்லாம் காத்தை அளந்து குடுக்கற. சொந்தக் கார்ல ஒரு ஜன்னலைத் தொறக்கத் தெரியல. உனக்கெல்லாம் எவன்க்கா சம்பளம் குடுக்கறான்?" என்றான் போன தடவை, மூச்சு வாங்க வாங்க.

நியாயமான கேள்விதான். என் வேலையே அது. வண்டியைச் சுற்றியுள்ள வெளியைக் கணினியில் பொடிப்பொடிக் கட்டங்களாக வெட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எந்தப் பக்கம், என்ன வேகத்தில் போகிறது என்று கணக்குப் போடுவது.

இன்று மதியம், கணினியில் லாரியை ஓரங்கட்டிவிட்டு எங்கள் காரை ஏற்றினேன். பின்சீட்டில் ஒரு ஆளையும் உட்கார வைத்தேன். நாளை தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருகிறான்.

திரையில் அந்தத் துடிப்பைப் பார்க்க அழகாகவே இருந்தது. ஜன்னலின் முன் விளிம்பில் காற்று சுருள்கிறது. சுருள் பின் விளிம்பில் மோதி உடைகிறது. ஒவ்வொரு மோதலுக்கும் காருக்குள் இருக்கும் காற்று மொத்தமும் அமுங்கி விரிகிறது.

காலி பாட்டிலின் வாயில் ஊதினால் கூவுமே, அதேதான். கார் பெரிய பாட்டில். உள்ளே என் தம்பி.

அமுங்கும் காற்றுக்கு இன்னொரு வாசல் வேண்டும். முன் ஜன்னலுக்கு வெளியே காற்று வேகமாக ஓடுவதால் அங்கே அழுத்தம் குறைவு. உள்ளிருப்பதை அது இழுத்துக்கொள்ளும். எதிர்மூலையில், வலது முன் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கினேன்.

துடிப்பு அடங்கியது. இடது பின் ஜன்னலில் நுழைந்த காற்று சீட்டைக் குறுக்கே கடந்து, வேகம் தணிந்து, வலது ஓரத்தில் இருந்தவர் கன்னத்தைத் தடவிவிட்டு முன்பக்கமாக வெளியேறியது.

பக்கத்து மேசைத் தாடிக்காரர் எட்டிப் பார்த்தார். தம்பி வருகிறான் என்று காலையில் சொன்னபோது என் கையைப் பிடித்துக் குலுக்கியவர் அவர்.

"கடல் காத்தை ஒரு பக்கத்துலேர்ந்து மட்டும் குடுத்திருக்கீங்களே. திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போறப்ப அது மறுபக்கம் அடிக்கும். அதுக்கும் ஒரு தடவை கணக்கை ஓட்டிடுங்க."

"திரும்பப் போறது இல்லைங்க. வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

அவர் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வேகத்தை மட்டும் மாற்றி மாற்றி இருவரும் ஓட்டிப் பார்த்தோம்.

இடது பின் ஜன்னல் நான்கு விரல். வலது முன் ஜன்னல் இரண்டு விரல். அவன் வலது ஓரத்தில் உட்கார வேண்டும். ஐம்பதைத் தாண்டக் கூடாது.