வாசிப்பில் ஒரு இருமல்

சரியாக வாசித்த சொல் டேப்லெட் திரையில் பச்சையாகும், தப்பினால் சிவப்பு. என் மூன்றாம் வகுப்பில் செண்பகவல்லிக்கு மட்டும் ஆறு வாரமாக ஒரே சிவப்பு. பிள்ளைகளின் வாசிப்பைப் பதிவேற்றக் கடைசி நாளன்று அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, குரலைச் சன்னமாக்கி, சிறுபிள்ளை போல அவள் பெயரில் நானே ஆமைக் கதையை வாசித்துப் பதிந்துவிட்டேன். நடுவில் இருமல் வந்தது. மறுபடி பதிய நேரமில்லை. அந்தக் குரலுக்குத்தான் ஒன்றியத்தில் முதலிடம். நேரில் கேட்க வட்டாரக் கல்வி அலுவலரே வந்து என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்கே, வாசிம்மா."

காய்ச்சல் என்று சொல்லிவிடலாமா? கைக்குள் சாக்பீஸ் பொடிந்தது. அதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். தடங்கலே இல்லை. மேஜைமேல் இருந்த திரையில் சொற்கள் வரிசையாகப் பச்சையாகிக்கொண்டே போயின. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பிறகுதான் கவனித்தேன், அவள் கண் சுவரில் இருந்தது. ஆமை கரையேறும் இடத்தில் நிறுத்தி, லேசாக இருமிவிட்டு மேலே போனாள். பதிந்ததைத் திரும்பக் கேட்கும் பொத்தானை அவள் தினமும் சாப்பாட்டு வேளையில் அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். ஏதோ ஆசைக்குக் கேட்கிறாள் என்று விட்டிருந்தேன்.

அலுவலர் கைதட்டினார். "பிரமாதம்!" என்றபடியே விரலால் திரையைத் தள்ளினார். "சரி, அடுத்த கதை."

செண்பகவல்லி திரையைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"டீச்சர், இத நீங்க இன்னும் வாசிக்கலையே?"