கார்புரேட்டரின் இருமல்

"கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க பாஸ்கரன். ஒண்ணுதான் எடுக்க முடியும், இன்னைக்கே சொல்லணும்" என்றாள் இன்ஜினியர் அனிதா.

கம்பெனியின் வண்டிகளை ஓட்டிப் பார்க்கும் பாஸ்கரன் கண்ணை மூடினான். ஓசூர் சிப்காட்டின் லாரி இரைச்சல் எங்கோ போய்விட்டது.

முதலில், கார்புரேட்டர் வைத்த பழைய இத்தாலிக் கார். பன்னிரண்டு சிலிண்டரும் தூக்கம் கலையாமல் இருமி, தொண்டையைச் செருமி, திடீரென்று மலையிறங்கும் மழையாய்ப் பொழிந்தன. அடுத்தது அதே கார், கார்புரேட்டருக்குப் பதில் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன். தொட்டதும் விழித்தது, வெண்ணெயாய் வழுக்கியது.

நாகரசம்பட்டி மாந்தோப்புகளுக்கு நடுவே கண்ணைத் திறக்காமலே இரண்டிலும் மாறி மாறி மிதந்தான் பாஸ்கரன்.

"ரெண்டாவது, சொன்ன பேச்சு கேக்குது மேடம். ஆனா முதலாவதுதான் நம்மகூடப் பேசுது. அதையே எடுத்துக்கலாம்."

"அது இருமுதே?"

"இருமட்டும் மேடம். போன வாரம் குந்தாரப்பள்ளி சந்தையில நான் பின்னால வந்தது ஒருத்தருக்கும் தெரியல. ஒரு அம்மாவை இடிச்சிருப்பேன், மயிரிழையில தப்பிச்சாங்க."

அனிதா அவன் காதிலிருந்து ஹெட்போனைக் கழற்றினாள்.

சற்று நேரத்தில் ஷெட்டுக்குள்ளிருந்து பெரிய உறுமல் கேட்டது. முதலாளி ஏதோ புதுக் காரில் வருகிறாரென்று செக்யூரிட்டி ஓடிவந்து, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, விறைப்பாக சல்யூட் வைத்தார்.

சீட்டுக்கடியில் புது ஸ்பீக்கரோடு, அதுவரை சத்தமே போட்டறியாத பேட்டரி ஸ்கூட்டர், பாஸ்கரனைச் சுமந்துகொண்டு, இருமியபடி அவரைக் கடந்து போனது.